முதலாளி மாறினார், கேள்வி எங்கே போனது?

2013 அக்டோபர் 19, சனிக்கிழமை. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், டைன் நதிக்கரையில் இருக்கும் நியூகாசில் நகரத்தில் சில நூறு பேர் ஊர்வலம் போனார்கள். மாற்றம் வேண்டும் என்பது கோரிக்கை. மாற வேண்டியது அரசாங்கமோ மேயரோ இல்லை. நியூகாசில் யுனைடெட் கால்பந்து கிளப்பின் முதலாளி மைக் ஆஷ்லி. ஊர்வலம் முடிந்து, செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தில் லிவர்பூலுடன் ஆட்டமும் 2-2 என்று முடிந்தது. உள்ளூர்ப் பத்திரிகைகள் இரண்டையும் செய்தியாகப் போட்டன. எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த க்ரானிக்கிள், ஜர்னல், சண்டே சன் ஆகிய மூன்று உள்ளூர்ப் பத்திரிகைகளின் நிருபர்களுக்கும் இனி மைதானத்தில் இடம் கிடையாது, செய்தியாளர் சந்திப்புக்கு அழைப்பும் கிடையாது. செய்த குற்றம்? ஊர்வலத்துக்கு வேண்டியதற்கு மேல் இடம் கொடுத்தது. க்ரானிக்கிள் அந்தத் தடையையே முதல் பக்கச் செய்தியாக்கியது. ஊரில் பலரும் பத்திரிகையின் பக்கம் நின்றார்கள்.

அப்படி நின்ற அதே ஊர், எட்டு ஆண்டுகள் கழித்து வந்த புதிய முதலாளியைப் பற்றி வெளியூர்ப் பத்திரிகைகள் கேள்வி கேட்டபோது முகம் சுளித்தது. இந்தக் கட்டுரை அந்த எட்டு ஆண்டுகளைப் பற்றியதுதான். ஆனால் கதை இன்னும் பின்னாலிருந்து தொடங்குகிறது.

லண்டனில் தடுக்கி விழுந்தால் ஒரு கிளப்பின் வாசலில் விழலாம். சுமார் மூன்று லட்சம் பேர் வாழும் நியூகாசிலில் பெரிய கிளப் ஒன்றே ஒன்றுதான். 1892-இல் ஈஸ்ட் எண்ட் என்ற அணி, நொடித்துப்போன வெஸ்ட் எண்ட் அணியின் மைதானத்துக்குக் குடிபுகுந்து, யுனைடெட் என்று பெயர் வைத்துக்கொண்டது. அந்த மைதானம் இன்றும் நடு ஊரில், மேட்டின் மேல் நிற்கிறது. 52,000 பேர் உட்காரலாம். சுரங்கங்களும் கப்பல் கட்டும் தளங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு, ஊரின் பெயரை வெளியுலகுக்குச் சொல்ல மிஞ்சியது கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட அந்தச் சட்டைதான்.

தேசியப் பத்திரிகைக்கு நியூகாசில் இருபது அணிகளில் ஒன்று. க்ரானிக்கிளுக்கு அது அன்றாடச் சோறு. ஒரு காலத்தில் சனிக்கிழமை ஆட்டம் முடிந்த சூட்டோடு ரோஸ் நிறத் தாளில் 'பிங்க்' என்ற விளையாட்டுப் பதிப்பு கடைக்கு வந்துவிடும். 2005-இல் அது நின்றுபோனது. ஆட்டத்தின் முடிவை யாரும் காகிதத்தில் தெரிந்துகொள்ளக் காத்திருக்காத காலம் வந்துவிட்டது. ஆனால் யாருக்குக் காயம், யார் விற்கப்படுகிறார், மேனேஜர் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று அறியும் பசி மட்டும் குறையவில்லை.

அந்தப் பசிக்குத் தீனி கிளப்பின் வாசலில்தான் கிடைக்கிறது. ஆட்டத்துக்கு முன் ஒரு சந்திப்பு, பின் ஒரு சந்திப்பு, மைதானத்தில் ஓர் இருக்கை, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண். இவற்றில் எதையும் கிளப் சட்டப்படி தந்தாக வேண்டியதில்லை. விருப்பப்பட்டுத் தருகிறது; பிடிக்காதபோது பிடுங்கிக்கொள்கிறது. தடைபட்ட நிருபர் டிக்கெட் வாங்கி ஆட்டத்தைப் பார்க்கலாம். மேனேஜர் சொன்னதை வேறொருவர் எழுதியதிலிருந்து எடுக்கலாம். கேள்வி மட்டும் கேட்க முடியாது. உள்ளூர் நிருபரின் பேனாவில் எப்போதும் கொஞ்சம் நிதானம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் கோழைத்தனம் மட்டும் இல்லை. நாளைக் காலையும் அதே வாசலில் நிற்க வேண்டுமே!

பழைய பணக்காரர்கள்

ஆஷ்லிக்கு முந்தைய முதலாளிகள் எல்லோரும் உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1980-களில் கிளப் உள்ளூர்க் குடும்பங்கள் சிலவற்றின் கையில் இருந்தது. 1985-இல் கிறிஸ் வாடில், 1987-இல் பீட்டர் பியர்ட்ஸ்லி, 1988-இல் பால் காஸ்காய்ன் என்று ஊரில் வளர்ந்த தங்கங்களை வரிசையாக விற்றார்கள். நிர்வாகக் குழுவே வெளியேறு என்ற கோஷம் மைதானத்தில் எழுந்தது. 'தி மேக்' என்ற ரசிகர் பத்திரிகை 1988-இல் பிறந்ததும் அந்தக் கோபத்தின் காலத்தில்தான்.

அப்போது வந்தவர் ஜான் ஹால். சுரங்கத் தொழிலாளியின் மகன். மெட்ரோ சென்டர் என்ற பிரம்மாண்ட வணிக வளாகத்தைக் கட்டிப் பணக்காரரானவர். அவரை முன்னிறுத்தி 'மேக்பை குரூப்' என்ற அணி திரண்டது. பங்குகளைப் பிடிக்கும் சண்டை உள்ளூர் நாளிதழின் பக்கங்களிலும் நடந்தது. க்ரானிக்கிளின் விளையாட்டு எழுத்தாளர் ஜான் கிப்சன் அதில் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. மாற்றம் கேட்டவர்களோடு நின்றவர். உள்ளூர்ப் பத்திரிகை நடுநிலை வகிக்கும் என்பது வெளியூர்க்காரர்களின் கற்பனை. அதுவும் ஒரு ரசிகன்தான், கையில் அச்சு இயந்திரம் வைத்திருக்கும் ரசிகன்.

ஹால் ஜெயித்தார். 1992-இல் கெவின் கீகன் மேனேஜராக வந்தார். 1996-இல் ஊர்ப் பிள்ளை ஆலன் ஷியரரை 1.5 கோடி பவுண்டுக்கு, அன்றைய உலகச் சாதனை விலைக்கு, வாங்கினார்கள். 1997-இல் கிளப் லண்டன் பங்குச் சந்தைக்குப் போனது. அதுவரை எல்லாம் சுபம்.

1998 மார்ச்சில் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' ஒரு பொறி வைத்தது. அரேபியச் செல்வந்தர் வேடத்தில் வந்த நிருபரை நம்பி, கிளப்பின் தலைவர் ஃப்ரெடி ஷெப்பர்டும் ஹாலின் மகன் டக்ளஸும் வாயைத் திறந்தார்கள். நியூகாசில் பெண்களை நாய்கள் என்றார்கள். ஐந்து பவுண்டுக்குத் தயாராகும் சட்டையை ஐம்பது பவுண்டு கொடுத்து வாங்கும் ரசிகர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஷியரரையும் விட்டுவைக்கவில்லை. ஊர் கொதித்தது, இருவரும் பதவி விலகினார்கள். ஓராண்டுக்குள் இருவரும் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பெரும்பான்மைப் பங்கு அவர்கள் கையில் இருக்கும்போது ரசிகனின் மானம் எந்தக் கணக்கில் வரும்?

இதை வெளிக்கொண்டு வந்தது லண்டன் பத்திரிகை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பத்திரிகைக்கு மறுநாள் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் இருக்கை தேவைப்படவில்லை.

அடுத்து இருக்கைச் சண்டை. 1994-இல் 500 பவுண்டு கொடுத்துப் பத்திரம் வாங்கியவர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒரே இருக்கை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1999-இல், நிறுவன விருந்தினர்களுக்கு இடம் வேண்டும், நீங்கள் நகருங்கள் என்றார்கள். ரசிகர்கள் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். பத்திரத்தின் பொடி எழுத்து கிளப்புக்குச் சாதகமாக இருந்தது.

ஆஷ்லியின் பதினான்கு ஆண்டுகள்

2007-இல் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் கடைகளின் அதிபர் மைக் ஆஷ்லி சுமார் 13.4 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கினார். தொடக்கத்தில் கிளப் சட்டையைப் போட்டுக்கொண்டு ரசிகர்களோடு நின்று ஆட்டம் பார்த்தார். நம்மில் ஒருவர் என்று ஊர் நம்பியது. 2008 ஜனவரியில் கீகனை மீண்டும் மேனேஜராகக் கொண்டுவந்தபோது அந்த நம்பிக்கை உச்சத்துக்குப் போனது. செப்டம்பரில் கீகன் விலகினார்.

ஏன் விலகினார் என்பது அடுத்த ஆண்டு நடுவர் தீர்ப்பாயத்தின் அறிக்கையில் வெளிவந்தது. படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. இக்னாசியோ கொன்சாலெஸ் என்ற உருகுவே வீரரைக் கீகன் வேண்டாம் என்று சொல்லியும் கடன் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். ஆள் எப்படி ஆடுவார் என்று கேட்ட கீகனுக்குக் கிடைத்த பதில், யூடியூபில் பாருங்கள் என்பது. இரண்டு தென்னமெரிக்க ஏஜெண்டுகளுக்குச் செய்த உபகாரம் அந்த ஒப்பந்தம் என்பதும் விசாரணையில் வந்தது. கீகனுக்கு 20 லட்சம் பவுண்டு இழப்பீடு தீர்ப்பானது.

நம் கதைக்கு அதைவிட முக்கியம் இன்னொரு வரி. வீரர்களை எடுப்பதில் கடைசி வார்த்தை கீகனுடையது என்று கிளப் பத்திரிகைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது. அது உண்மையல்ல, மக்கள் தொடர்புக்காகச் சொன்னது என்று தீர்ப்பாயத்தின் முன் கிளப்பே ஒப்புக்கொண்டது. அதாவது உள்ளூர் நிருபர் வாசலில் நின்று கேட்டு, எழுதி, ஊர் நம்பிய செய்தி பொய். நிருபர் பொய் சொல்லவில்லை. அவர் வழியாகப் பொய் சொல்லப்பட்டது. வாசலில் கிடைக்கும் செய்திக்கு என்ன விலை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கீகன் போன கோபத்தில்தான் ரசிகர்கள் சங்கமாகத் திரண்டார்கள். அது பின்னர் நியூகாசில் யுனைடெட் சப்போர்ட்டர்ஸ் டிரஸ்ட் ஆனது. 2009-இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது; 2010-இல் ஏறியது; 2016-இல் மறுபடி இறங்கியது. நடுவில் 2011 நவம்பரில் மைதானத்தின் பெயரையே 'ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா' என்று மாற்றினார் ஆஷ்லி. அடுத்த ஆண்டு பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது யார் தெரியுமா? வோங்கா என்ற ஸ்பான்சர்! சம்பளத் தேதி வரை தாக்குப்பிடிக்க முடியாதவர்களுக்கு ஆயிரக்கணக்கான சதவீத ஆண்டு வட்டியில் கைமாற்றுக் கொடுத்த நிறுவனம். ஏழைகள் நிறைந்த ஊரில், கந்துவட்டிக்காரர் கோயில் பெயரை மீட்டுக் கொடுத்தார் என்று நன்றி சொல்ல வேண்டிய நிலை.

இந்தப் பின்னணியில்தான் 2013-இன் ஊர்வலமும் தடையும் வந்தன. 2015-இல் இன்னொரு படி மேலே போனார்கள். புதிய மேனேஜர் ஸ்டீவ் மெக்லாரனை அறிமுகம் செய்தபோது ஸ்கை தொலைக்காட்சிக்கும் டெய்லி மிரருக்கும் மட்டுமே பேட்டி. விருப்ப ஊடகப் பங்காளிகள் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். தடையை விட இது நாசூக்கானது. பிடிக்காதவரை விரட்டினால் செய்தியாகும். பிடித்தவரை மட்டும் அழைத்தால் விருந்தாகும்.

நியூகாசில் மட்டும் இப்படியா என்றால், இல்லை. 2010-இல் சவுதாம்ப்டன் கிளப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்குத் தடை போட்டது. படங்களைத் தானே எடுத்து விற்கும் திட்டம். விளையாட வந்த பிளிமத் அணியின் உள்ளூர் நாளிதழ் அசரவில்லை. ஓவியரை வைத்து ஆட்டத்தைக் கார்ட்டூனாக வரைந்து அச்சிட்டது. பிளாக்பர்ன் கதை நமக்கு இன்னும் நெருக்கம். புனேவைச் சேர்ந்த கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. 2012 மே மாதம் அணி பிரீமியர் லீகிலிருந்து இறங்கிய இரவில், ரசிகர்கள் ஒரு உயிர்க்கோழியை மைதானத்துக்குள் விட்டார்கள். உலகம் முழுக்கப் படம் வந்தது. ஆயிரம் தலையங்கம் சொல்ல முடியாததை அந்தக் கோழி சொல்லிவிட்டது.

தடை எதிர்த்திசையிலும் போகும். 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். நான்கு நாள் கழித்து 'தி சன்' பத்திரிகை, ரசிகர்கள் இறந்தவர்களிடம் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் பொய் எழுதியது. லிவர்பூலில் இன்றும் பலர் அந்தப் பத்திரிகையைக் கையால் தொடுவதில்லை. 2017-இல் கிளப்பே அதன் நிருபர்களுக்குக் கதவைச் சாத்தியது. ரசிகன் போட்ட தடைக்குப் பிறகு முதலாளி போட்ட தடை அது. நியூகாசிலில் முதலாளி போட்ட தடைக்கு எதிராக ரசிகன் நின்றான். தடை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அக்டோபர் 7, 2021

அந்த மாலையில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் வாசலில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஆடினார்கள், பாடினார்கள். ஆஷ்லி போய்விட்டார். 30.5 கோடி பவுண்டு. எண்பது சதவீதப் பங்கு சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியத்துக்கு. மீதி இங்கிலாந்தின் ரூபன் குடும்பத்துக்கும் இடைநின்று முடித்த அமாண்டா ஸ்டேவ்லிக்கும். நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், 2018 அக்டோபர் 2 அன்று, இஸ்தான்புல்லில் உள்ள சவுதி துணைத் தூதரகத்துக்குள் போன ஜமால் கஷோக்ஜி திரும்பி வரவில்லை. அவர் ஒரு பத்திரிகையாளர். அவரைப் பிடிக்க அல்லது கொல்ல நடந்த நடவடிக்கைக்கு இளவரசர் ஒப்புதல் அளித்தார் என்று அமெரிக்க உளவுத்துறையின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது. சவுதி அரசு மறுத்தது. உள்ளூர் நிருபருக்கு இருக்கை மறுத்தவரிடமிருந்து கிளப் யார் கைக்குப் போயிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

விற்பனைக்குச் சற்று முன் ரசிகர் டிரஸ்ட் தன் உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தது. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் எச்சரித்தது. தேசியப் பத்திரிகைகள் எழுதின. ஊரில் கேள்வி கேட்டவர்கள் சிறுபான்மை. பிற்பாடு விளையாட்டைக் கொண்டு அரசின் கறையைக் கழுவுவதை எதிர்க்க ஒரு ரசிகர் குழுவும் தோன்றியது, அதுவும் சிறியதுதான்.

ரசிகர்களின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிட்டன் அரசு சவுதிக்கு ஆயுதம் விற்கிறது. அதே நிதியத்தின் பணம் ஊபரில் இருக்கிறது. ஊபரில் ஏறும் லண்டன் நிருபர் கூச்சப்படுவதில்லை. மான்செஸ்டர் சிட்டியை 2008-இல் அபுதாபி வாங்கியபோது இந்த அறச்சீற்றம் எங்கே போயிருந்தது? பதினான்கு ஆண்டு ஆஷ்லியிடம் மாட்டிக்கொண்டு தவித்தபோது எங்களுக்காக யார் எழுதினார்கள்? எல்லாமே நியாயமான கேள்விகள். மைதானத்து வாசலில் ஆட்ட நாட்களில் உணவு வங்கிக்காகக் கூடை வைத்து டின்களும் பாக்கெட்டுகளும் சேகரிப்பவர்கள் இதே ரசிகர்கள். கென் லோச் 2016-இல் எடுத்த 'ஐ, டேனியல் பிளேக்' படத்தில் வரும் உணவு வங்கி அந்த ஊருடையதுதான். இவர்களை மனசாட்சி இல்லாதவர்கள் என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

ஆனால் பிறர் கேட்கவில்லை என்பது நாம் கேட்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. இங்கேதான் நான் ரசிகர்களோடு முரண்படுகிறேன். ஆஷ்லி காலத்தில் அவர்கள் கேட்டது, கிளப் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வி. 2021-இல் அது, செலவு செய்வாரா என்ற சின்னக் கேள்வியாகச் சுருங்கிவிட்டது. அப்படியானால் முன்பு எழுந்த கோபம் அதிகாரத்தின் மேல் இல்லை, கஞ்சத்தனத்தின் மேல்தானா?

2022 மார்ச் 12 அன்று சவுதி அரசு ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியதாக அறிவித்தது. மறுநாள் செல்சியுடன் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் எடி ஹாவிடம் இதைக் கேட்டார்கள். கால்பந்தைப் பற்றி மட்டுமே பேசுவேன் என்ற பொருளில் பதில் சொன்னார். பயிற்சியாளர் ஒருவரிடம் அரபு அரசியலைக் கேட்பது சரியா என்று அங்கலாய்த்த ரசிகர்கள் உண்டு. சரியில்லைதான். ஆனால் பதில் சொல்ல வேண்டிய முதலாளி நிருபர்கள் முன் வந்து உட்காருவதே இல்லை. வாரம் இரண்டு முறை நாற்காலியில் மாட்டுபவர் மேனேஜர் ஒருவர்தான்.

2023-இல் இன்னொரு செய்தி. கிளப்பைச் சவுதி அரசு கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி உறுதி பெற்ற பிறகுதான் விற்பனையை அனுமதித்தோம் என்று பிரீமியர் லீக் சொல்லியிருந்தது. அமெரிக்காவில் நடந்த ஒரு கோல்ஃப் வழக்கிலோ, நிதியத்தின் ஆளுநரும் நியூகாசில் கிளப்பின் தலைவருமான யாசிர் அல் ருமையான் பதவியில் இருக்கும் அமைச்சர், அவருக்கு அரசுக்குரிய விலக்கு உண்டு என்று நிதியத்தின் வழக்கறிஞர்களே வாதிட்டார்கள். ஒரு வாசலில் அரசு இல்லை, இன்னொரு வாசலில் அரசு. ஆஷ்லி இதில் பத்தில் ஒரு பங்கு செய்திருந்தால் மறுபடி ஊர்வலம் கிளம்பியிருக்கும்.

உள்ளூர்ப் பத்திரிகையின் நிலையையும் சொல்ல வேண்டும். மூன்று பத்திரிகைகளின் உரிமையாளரான டிரினிட்டி மிரர் 2018-இல் ரீச் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2023-இல் நூற்றுக்கணக்கான வேலைகளை வெட்டியது. அச்சுப் பிரதி சுருங்கி, இணையத்தில் எத்தனை பேர் படித்தார்கள் என்பதே வருமானமாகிவிட்டது. யாரை வாங்கப் போகிறார்கள் என்ற வதந்திக்கு வரும் கூட்டம், நிதியத்தின் நிர்வாக அமைப்பு பற்றிய கட்டுரைக்கு வராது. 2013-இல் முதலாளி கதவைச் சாத்தினார். பத்திரிகை சண்டை போட்டது, வாசகர் கூட இருந்தார். இப்போது கதவு திறந்தே இருக்கிறது. கேட்டால் கோபித்துக்கொள்ளப் போவது முதலாளி இல்லை, வாசகர். இது தடையை விடக் கடினமான நிலை. கடிதம் எழுதி முதல் பக்கத்தில் போட்டுச் சண்டையிட இங்கே எதிரி யாரும் இல்லை.

2025 மார்ச் 16. வெம்ப்ளியில் லிவர்பூலை 2-1 என்று வென்று லீக் கோப்பையை எடுத்தது நியூகாசில். டான் பர்ன் ஒரு கோல், அலெக்சாண்டர் இசாக் ஒரு கோல். 1955-க்குப் பிறகு கிடைத்த முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை. எழுபது ஆண்டு! கோப்பையைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்த அப்பாக்களின் ஊர் அது. அன்றைக்கு அந்த ஊரில் யாராவது மனித உரிமை பேசியிருந்தால் நானே எழுந்து, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். சிக்கல் என்னவென்றால், கோப்பை கையில் இருக்கும்போது இன்று வேண்டாம்; தோற்கும்போது இப்போது வேண்டாம். கேள்விக்கு நல்ல நாள் என்று பஞ்சாங்கத்தில் ஒன்று வருவதே இல்லை.

ஜெயித்த அணிக்கு டிக்கெட் கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது. சீசன் டிக்கெட் இல்லாதவர் உறுப்பினராகக் கட்டணம் செலுத்தி, குலுக்கலில் பெயர் வருமா என்று காத்திருக்க வேண்டும். நடு ஊரில் இருக்கும் மைதானத்தை விரிவாக்குவதா, புதிதாகக் கட்டுவதா என்ற பேச்சும் எழுந்தது. இவை ஆஷ்லி காலத்துக் கேள்விகளைவிடச் சிறியவை அல்ல. இருக்கைச் சண்டையில் 500 பவுண்டுப் பத்திரத்தோடு தோற்றவர்களின் பிள்ளைகளுக்கு இது புரியாமல் இருக்காது. நியூகாசில் ரசிகருக்கு வெளியிலிருந்து யாரும் அறம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013-இல் தாங்களே செய்ததை, பணம் கொட்டும் முதலாளியிடமும் செய்தால் போதும்.

2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று வந்திருக்கிறது. புதிய முதலாளியின் தகுதியை இனி அது பரிசீலிக்கும். கிளப்பின் சின்னத்தையோ சட்டையின் நிறத்தையோ மாற்ற வேண்டுமானால் பெரும்பான்மை ரசிகர்களின் ஆதரவு வேண்டும் என்கிறது சட்டம். கிளப்பை யாருக்கு விற்பது என்பதற்கு ரசிகர்களின் வாக்கு தேவையில்லை.